மருந்து மாறும்போது மௌனம் ஏன்?

(இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி., வேதியியல் மாணவர் ஒருவர்)

 

ஆண்டு மலருக்குக் கட்டுரை தருமாறு அறிவிப்புப் பலகையில் தாள் ஒட்டப்பட்டபோது, காவிரியைப் பற்றி எழுதலாமா, வேலையில்லாத் திண்டாட்டத்தைப் பற்றி எழுதலாமா என்றெல்லாம் எண்ணினேன். அவையும் எழுத வேண்டியவைதாம். ஆனால் சென்ற ஐப்பசியில் ஆறு இரவுகள் என் நெஞ்சு துடித்த துடிப்பை மறைத்துவிட்டு வேறெதை எழுதினாலும், அது ஒப்புக்கு எழுதியதாகவே இருக்கும். ஆகவே என் அனுபவத்தை முன்வைத்தே என் கருத்தைக் கூறத் துணிகிறேன்.

கருத்து இதுதான்: ஒரு மருந்தை நிறுத்தி வேறு மருந்து தரும்போது, தருகிறவர் விளக்கிச் சொல்ல வேண்டும்; உண்கிறவன் வாய் திறந்து கேட்க வேண்டும். இவ்விரண்டில் ஒன்று குறைந்தாலும், நோயைத் தீர்க்க வந்த மருந்தே நமக்குப் பெரும் அச்சமாகிவிடும்.

என் குறை

பரமத்தி வேலூரில் காவிரிக் கரையை ஒட்டிய தெரு எங்களுடையது. அப்பா வெற்றிலைக் கொடிக்காலில் கூலி வேலை செய்கிறார். அம்மா வாழைத் தோட்டங்களுக்குக் களையெடுக்கப் போகிறார். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான்தான். வீட்டுக்கு எந்தக் கடிதம் வந்தாலும், மின்கட்டண அட்டையானாலும், கூட்டுறவுச் சங்கத்து நோட்டீசானாலும், "பையன் வரட்டும், படிப்பான்" என்று எடுத்து வைப்பார்கள். இந்தப் பெருமைதான் பின்னால் எனக்குத் தொல்லையாக வந்தது.

சிறு வயதில் ஆசிரியர்கள் எனக்கு வைத்த பெயர் 'கவனமில்லாதவன்'. என் ஆயா வைத்த பெயர் 'காத்தாடி'. ஒரு வகுப்பில் எத்தனை பென்சில்களைத் தொலைத்தேன் என்பதற்குக் கணக்கில்லை. மாலை ஏழு மணிக்குப் புத்தகத்தைத் திறந்தால் ஒன்பது மணிக்கும் அதே பக்கத்தில் இருப்பேன். சோம்பேறி என்று பிறர் சொன்னதை நானும் நம்பினேன்.

கல்லூரி முதலாண்டில் ஆய்வகத்தில் மூன்று முறை தொடர்ந்து பியூரெட்டைத் திறந்துவிட்டுச் சன்னலைப் பார்த்துக்கொண்டு நின்றேன். மூன்று முறையும் கரைசல் முடிவுநிலையைத் தாண்டி நிறம் அடர்ந்து போயிற்று. எங்கள் பேராசிரியர் ஏசவில்லை. தனியே அழைத்து, "எத்தனை வயதிலிருந்து இப்படி இருக்கிறது, தம்பி?" என்று கேட்டார். அந்தக் கேள்வியை அதுவரை யாரும் என்னிடம் கேட்டதில்லை. அவர் சொல்லித்தான் மனநல மருத்துவரிடம் சென்றேன். 'கவனக்குறைவு மற்றும் மிகைச்செயல்பாட்டுக் கோளாறு' என்றார்கள். ஆங்கில எழுத்துகளில் சுருக்கி ஏ.டி.எச்.டி. என்பார்கள்.

இது பட்டணத்துப் பணக்காரப் பிள்ளைகளின் நோய் என்று எண்ணுபவர்கள் உண்டு. நம் கொங்கு மண்ணிலேயே, கோவை மாவட்டத்தில் நான்கு பள்ளிகளைச் சேர்ந்த 770 குழந்தைகளிடம் நடத்தி 2013-இல் வெளியான ஆய்வு வேறு விதமாகச் சொல்கிறது. 6 முதல் 11 வயது வரையுள்ள அக்குழந்தைகளில் நூற்றுக்கு 11.32 பேரிடம் இக்குறை காணப்பட்டது. நடுத்தரக் குடும்பத்துப் பிள்ளைகளில் இது 6.84 விழுக்காடு, வருவாய் குறைந்த குடும்பத்துப் பிள்ளைகளில் 16.33 விழுக்காடு! நான்கு பள்ளிகளை மட்டும் வைத்து நாடு முழுவதற்கும் தீர்ப்புச் சொல்ல இயலாது. ஆயினும் இது ஏழை வீட்டிலும் இருக்கிறது என்பதை அறிய இது போதும்.

முதல் மருந்து

எனக்கு முதலில் தரப்பட்டது மீத்தைல்பெனிடேட். வேதியியல் மாணவர்களுக்கு இதன் கதை சுவையாக இருக்கும். 1944-இல் சுவிட்சர்லாந்தின் சீபா நிறுவனத்தில் பணியாற்றிய லியாண்ட்ரோ பனிசோன் என்ற வேதியியலர் இதை உருவாக்கினார். அவர் மனைவியின் செல்லப் பெயர் ரீட்டா. அதிலிருந்தே மருந்துக்கு 'ரிட்டலின்' என்ற வணிகப் பெயர் வந்தது.

இம்மருந்து உண்ட ஒரு மணி நேரத்துக்குள் வேலை செய்யத் தொடங்கும். சில மணி நேரத்தில் அடங்கிவிடும். எனக்கு அது உதவியது. இரண்டாம் பருவத்தில் முதன்முறையாக ஒரு பாடத்தை எடுத்த இடத்திலிருந்து முடித்த இடம் வரை ஒரே மூச்சில் படித்தேன். அன்று எனக்கு அழுகையே வந்துவிட்டது.

ஆனால் இம்மருந்து எல்லாக் கடைகளிலும் கிடைப்பதில்லை. 1945-ஆம் ஆண்டு மருந்து விதிகளின் 'எக்ஸ்' அட்டவணையில் இது அடங்கும். மருத்துவர் சீட்டை இரண்டு படிகளாகத் தர வேண்டும். ஒரு படியைக் கடைக்காரர் இரண்டு ஆண்டுகள் பாதுகாக்க வேண்டும். அதற்கெனத் தனி உரிமமும் வேண்டும். 1985-ஆம் ஆண்டு போதைப்பொருள் சட்டத்தின் கட்டுப்பாடும் உண்டு. தவறாகப் பயன்படுத்தக்கூடிய மருந்து என்பதால் இந்தக் காவல் தேவைதான். அதை நான் குறை கூறவில்லை. ஆனால் உரிமம் உள்ள கடைக்கு நான் இரண்டு பேருந்து மாற வேண்டியிருந்தது. இரண்டு முறை போய், "சரக்கு வரலைங்க தம்பி" என்ற பதிலோடு திரும்பினேன். அப்பாவின் ஒரு நாள் கூலி பேருந்துக்கும் தேநீருக்குமே கரைந்தது. இதை மருத்துவமனையில் சொன்னபோது, எங்கள் ஊரிலேயே வாங்கக்கூடிய வேறு மருந்துக்கு என்னை மாற்றினார்கள். அதன் பெயர் அட்டோமாக்செட்டின்.

இரண்டு அட்டைகள்

அன்று மருத்துவமனையில் கூட்டம் நெரிந்தது. சீட்டு என் கைக்கு வர இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. கடைக்காரர் ஒரு காகித உறையில் இரண்டு மாத்திரை அட்டைகளைப் போட்டுக் கொடுத்தார். ஒன்று 25 மில்லிகிராம், மற்றது 40 மில்லிகிராம். சீட்டில் ஆங்கிலத்தில் ஏதோ எழுதி, அம்புக்குறி ஒன்று போட்டிருந்தது. "ஏனுங்க, இதை எப்படிச் சாப்பிடறதுங்க?" என்று கேட்க வாய் வரை வந்தது. கடையில் பின்னால் நாலு பேர் நின்றார்கள். கையில் கல்லூரிப் பை, கழுத்தில் அடையாள அட்டை. பி.எஸ்ஸி. படிக்கிறவன் மாத்திரை தின்பது எப்படி என்று கேட்பதா? கேட்காமல் வந்துவிட்டேன்.

மறுநாள் காலை உணவுக்குப் பின் இரண்டு மாத்திரைகளையும் சேர்த்தே விழுங்கினேன்.

முற்பகலில் குமட்டல். சோற்றைப் பார்க்கப் பிடிக்கவில்லை. மாலையில் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டியது. இரவு படுத்தபோது நெஞ்சு காதுக்குள் அடித்தது. சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து நாடியை எண்ணினேன், நிமிடத்துக்கு 118. விரல் நுனிகள் பனிக்கட்டி போல் குளிர்ந்தன; உள்ளங்கையோ வியர்த்தது. சிறுநீர் கழிக்கப் போனால் வெகுநேரம் நிற்க வேண்டியிருந்தது. இரண்டாம் நாள் பேருந்தில் இருக்கையிலிருந்து எழுந்தபோது கண் இருண்டது. மூன்றாம் நாள் ஆய்வகத்தில் குடுவையைப் பிடித்த கை நடுங்கிற்று. "உடம்புக்கு என்ன?" என்று பேராசிரியர் கேட்டார். "ஒன்றுமில்லை ஐயா" என்றேன்.

கைபேசியில் தேடினேன். ஓரிடத்தில் இதெல்லாம் இயல்பு என்றிருந்தது. இன்னோரிடத்தில் மாரடைப்பு என்றிருந்தது. இரண்டையும் மாறி மாறிப் படித்து விடியும்வரை விழித்திருந்தேன்.

வீட்டிலும் ஆளுக்கொரு பேச்சு. "நோய்க்கும் பார், பேய்க்கும் பார்னு சும்மாவா சொன்னாங்க, மந்திரிச்சுட்டு வரலாம் வா கண்ணு" என்றார் ஆயா. "அது பைத்தியத்துக்குக் குடுக்கற மாத்திரை, தூக்கி வீசு" என்றார் மாமா. அம்மா ஒன்றும் பேசாமல் என் உள்ளங்கையைத் துடைத்துவிட்டுக்கொண்டே இருந்தார்.

ஆறாம் நாள் இரவு அப்பா வேலை முடிந்து வந்தார். திண்ணையில் கிடந்த இரண்டு அட்டைகளையும் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அவருக்கு ஓர் எழுத்தும் படிக்கத் தெரியாது. ஆனால் அவர் கேட்டார்: "ரெண்டையும் ஒரே நாள்ல போடச் சொன்னாங்களா, சாமி?"

"ஆமாங்கப்பா" என்றேன், சட்டென்று.

"யாரு சொன்னா?"

யாருமே சொல்லவில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. நான் கேட்கவும் இல்லை. தலை குனிந்தேன். அப்பா கோபிக்கவில்லை. "கொடிக்காலுக்குப் புது உரம் வந்தா ஒரே நாள்ல தோட்டம் பூராவுமா போடறோம்? ஒரு பாத்திக்குப் போட்டு, எலை எப்படி இருக்குதுன்னு பாத்துட்டுத்தானே அடுத்த பாத்திக்குப் போறது" என்றார். மறுநாள் வேலைக்குப் போகாமல் என்னோடு பேருந்து ஏறினார்.

நடந்தது என்ன?

அன்று இருந்த மருத்துவர் அம்மையார் நிதானமாகக் கேட்டார். நாடி, இரத்த அழுத்தம் பார்த்தார். இதயத்துடிப்பைப் பதிவு செய்யும் ஈ.சி.ஜி. எடுக்கச் சொன்னார். துடிப்பு வேகமாக இருந்ததே தவிர, வேறு கோளாறு இல்லை. அம்புக்குறியின் பொருளை அவர்தான் சொன்னார்: இரண்டு வாரம் 25, அதன் பின் அதை நிறுத்திவிட்டு 40. நானோ முதல் நாளே 65 மில்லிகிராம் உண்டிருக்கிறேன்!

65 என்பது நஞ்சன்று. என்னைவிடப் பருத்த உடல் உள்ளவர்கள் படிப்படியாக ஏறி 80 வரை உண்பதுண்டு. ஆனால் நான் 52 கிலோ எடையுள்ளவன். படிகளில் ஏறாமல் மாடிக்குத் தாவியிருக்கிறேன். இம்மருந்து நரம்பணுக்களுக்கிடையே நார்அட்ரினலின் என்னும் பொருளைக் கூடுதல் நேரம் நிற்கச் செய்கிறது. மூளையில் அது கவனத்துக்கு உதவுகிறது. ஆனால் அதே பொருள்தான் இதயத்தை விரைவுபடுத்துகிறது. இரத்த அழுத்தத்தைக் கூட்டுகிறது. விரல் நுனி இரத்தக் குழாய்களைச் சுருக்குகிறது. என் குளிர்ந்த விரலுக்கும் துடித்த நெஞ்சுக்கும் காரணம் பேயுமன்று, பைத்தியமுமன்று!

இன்னொன்றும் அறிந்தேன். இம்மருந்தைச் சிதைப்பது கல்லீரலில் உள்ள சி.ஒய்.பி.2டி6 என்ற நொதி. பெரும்பாலோர் உடலில் மருந்தின் பாதி ஏறக்குறைய 5 மணி நேரத்தில் வெளியேறிவிடும். பிறவியிலேயே இந்நொதி வலுவற்றவர்களுக்கு 20 மணி நேரத்துக்கும் மேலாகும். மனச்சோர்வுக்குத் தரப்படும் புளுவாக்செட்டின், பராக்செட்டின் போன்ற மருந்துகளும் இந்நொதியைத் தடுத்துவிடும். யார் உடல் எப்படி என்பது முகத்தில் எழுதி ஒட்டியிருப்பதில்லை. அதனால்தான் குறைவாகத் தொடங்கி, பார்த்துப் பார்த்து ஏற்றுகிறார்கள். முடிவுநிலையை நெருங்கும்போது நாம் பியூரெட்டிலிருந்து சொட்டுச் சொட்டாக விடுகிறோமே, அதுதான் இது. என் தந்தையார் பாத்திக் கணக்கில் சொன்னதும் இதுவே.

மூவர்க்கும் சில சொற்கள்

திருக்குறளின் 'மருந்து' அதிகாரம் முடியும் இடத்தில் வள்ளுவர் மருத்துவத்தை நான்கு பகுதிகளாக வகுக்கிறார்: நோயாளி, மருத்துவர், மருந்து, அருகிருந்து பணி செய்பவர். நோயாளியைத்தான் முதலில் வைக்கிறார் என்பதை நான் இப்போதுதான் கவனித்தேன். நாமோ அவனைச் சீட்டை நீட்டி வரிசையில் நிற்பவனாகவே வைத்திருக்கிறோம்.

முதலாவதாக, மருந்து தருகிறவர்கள். ஒரு நாளில் எத்தனையோ பேரைப் பார்க்கும் மருத்துவருக்கு நேரம் எங்கே என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் "முதலில் இது, பிறகு இது, இரண்டும் சேர்த்து வேண்டாம்" என்று சொல்ல அரை நிமிடம் போதும். சொல்லாமல் விட்டதால் என் தந்தையாரின் ஒரு நாள் கூலியும், மருத்துவமனையின் ஒரு மணி நேரமும், ஒரு ஈ.சி.ஜி. தாளும் செலவாயின. மருந்துக் கடைக்காரருக்கும் கடமை உண்டு. 2015-ஆம் ஆண்டு மருந்தாளுநர் தொழில் ஒழுங்குமுறைகள், உண்ணும் அளவையும் முறையையும் முக்கியமான பக்க விளைவுகளையும் நோயாளிக்கு எடுத்துச் சொல்லுமாறு கூறுகின்றன. சட்டம் ஏட்டில் இருக்கிறது. அது கடையின் மேசைக்கு வர வேண்டும். தமிழ்நாட்டில் மருந்துச் சீட்டோடு தமிழில் நான்கு வரி எழுதித் தருவது அப்படியென்ன அரிய செயல்?

இரண்டாவதாக, குடும்பத்தார். "மனக்கோளாறுக்கு மருந்து உண்கிறான்" என்பதற்காக அவன் சொல்லும் உடல் துன்பத்தை எல்லாம் மனப்பிரமை என்று தள்ளிவிடாதீர்கள். 2014 நவம்பரில் அமெரிக்காவில் நடந்ததைப் பாருங்கள். மீத்தைல்பெனிடேட் நீண்ட நேர மாத்திரைகளில் இரண்டு நிறுவனங்களின் மலிவு வகைகள் மூல மருந்துக்கு ஈடானவை என்று அந்நாட்டு உணவு, மருந்து நிர்வாகம் தர மதிப்பு அளித்திருந்தது. மருந்து மாறியபின் பலன் குறைந்தது என்று முறையீடுகள் வந்தன. ஆய்ந்து பார்த்து, அவை நாளின் பிற்பகுதியில் மருந்தை மெதுவாக வெளியிடக்கூடும் என்று கண்டு, அந்த மதிப்பை நிர்வாகமே மாற்றியது. மருந்து உண்டவர்கள் சொன்னதில் பொருள் இருந்தது! 2023 செப்டம்பரில் பிரிட்டனில் இத்தகைய மருந்துகளுக்குத் தட்டுப்பாடு வந்து, நோயாளர் பாதுகாப்பு எச்சரிக்கையே விடப்பட்டது. அங்கும் பலர் மருந்து மாற நேர்ந்தது. ஆகவே இது வேலூர்ப் பையன் ஒருவனின் சங்கடம் மட்டுமன்று.

மூன்றாவதாக, நாம். இங்கே என் குற்றத்தை நானே ஒப்புக்கொள்கிறேன். முதல் தலைமுறையாகப் படிக்க வந்த நம்மில் பலரிடம் ஒரு வெட்கம் இருக்கிறது. வீட்டில் எல்லாம் தெரிந்தவன் என்று பெயர் வாங்கிவிட்டதால், வெளியில் "எனக்குத் தெரியவில்லை" என்று சொல்ல நா எழுவதில்லை. வகுப்பில் சந்தேகம் கேட்காமல் இருந்தால் மதிப்பெண் குறையும், அவ்வளவுதான். மருந்துக் கடையில் கேட்காமல் இருந்தால் உயிரோடு விளையாடுவதாகும். என் தந்தையாருக்குப் படிப்பில்லை; ஆனால் கேட்கத் தெரிந்தது. எனக்குப் படிப்பிருந்தது, கேட்கத் தெரியவில்லை. இருவரில் அன்று யார் படித்தவர்?

என்ன செய்யலாம்?

மருந்து மாறும் நாளில் நான்கு கேள்விகளைக் கேட்டே ஆக வேண்டும் என்பது என் எண்ணம். பழைய மருந்தை எப்போது, எப்படி நிறுத்துவது? புதியதை எந்த அளவில் தொடங்கி, எப்போது ஏற்றுவது? உடலில் என்ன மாற்றம் வரலாம்? என்ன வந்தால் காத்திராமல் ஓடி வர வேண்டும்?

கடைசிக் கேள்வியின் விடை எனக்கு ஆறு நாள் தாமதமாகக் கிடைத்தது. மார்பு வலி, மயங்கி விழுதல், மூச்சுத் திணறல் ஆகியவை வந்தால் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். கண்ணும் சிறுநீரும் மஞ்சளானாலும் அப்படியே. இம்மருந்து மிக அரிதாகக் கல்லீரலைத் தாக்கக்கூடும். உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் எழுந்தாலும் மறைக்காமல் சொல்ல வேண்டும். அதற்கு 14416 என்ற கட்டணமில்லாத் தொலைபேசி எண்ணும் இருக்கிறது.

அச்சத்தில் மருந்தைத் தாமே நிறுத்துவதும் நல்லதன்று. நிறுத்துவதால் பெரிய தீங்கு தராத மருந்துகளும் உண்டு. ஆனால் இதே குறைக்குத் தரப்படும் குளோனிடினைத் திடீரென நிறுத்தினால் இரத்த அழுத்தம் குதித்தேறிவிடும். எது எப்படிப்பட்டது என்று நமக்குத் தெரியாதவரை, கேட்டு நிறுத்துவதே முறை. நேரில் போக முடியாவிட்டால் தொலைபேசியிலாவது கேட்க வேண்டும்.

ஒரு சிறு குறிப்பேடு வைத்திருங்கள். எந்த நாள், எந்த நேரம், எத்தனை மில்லிகிராம், நாடி எவ்வளவு, உறக்கம் எத்தனை மணி, எத்தனை தேநீர் என்று எழுதுங்கள். "உடம்பு சரியில்லை" என்று சொன்னால் மருத்துவருக்குப் புரிவது கொஞ்சம். நாடிக் கணக்கைக் காட்டினால் புரிவது அதிகம். என் குறிப்பேட்டைப் பார்த்துத்தான் நான் நாளுக்கு ஆறு தேநீர் குடிப்பதை அந்த அம்மையார் கண்டுபிடித்து இரண்டாகக் குறைத்தார்.

மருந்தால் துன்பம் நேர்ந்தால் அதைப் பதிவு செய்யவும் வழி உண்டு. இந்திய மருந்து விழிப்புணர்வுத் திட்டம் 2010-இல் தொடங்கப்பட்டது. 1800-180-3024 என்ற கட்டணமில்லா எண்ணில் நோயாளியே தெரிவிக்கலாம். பொதுமக்களுக்கான படிவம் தமிழிலும் இருக்கிறது.

இன்னொன்று: தேர்வுக் காலத்தில் "அந்த மாத்திரை ஒன்று கொடேன்" என்று என்னிடம் கேட்ட நண்பர்கள் இருவர். அவர்கள் மேல் எனக்கு வருத்தமில்லை. ஆனால் மருத்துவர் பார்த்துத் தந்தே என் நெஞ்சு அப்படித் துடித்தது என்றால், பார்க்காமல் உண்பவர் நிலை என்னாகும்? தயவு செய்து கேட்காதீர்கள். நான் தரவும் மாட்டேன்.

நம் கல்லூரி நாட்டு நலப்பணித் திட்ட மாணவர்கள் முகாமுக்குப் போகும் ஊர்களில், முதியவர்களின் மருந்துச் சீட்டை மருந்தாளுநர் ஒருவர் துணையோடு தமிழில் தெளிவாக எழுதிக் கொடுக்கும் பணியையும் சேர்த்துக்கொள்ளலாம் என்று பேராசிரியப் பெருமக்களைப் பணிவுடன் வேண்டுகிறேன். சர்க்கரைக்கும் இரத்த அழுத்தத்துக்கும் மருந்து உண்ணும் எத்தனை ஆயாக்களும் அப்பாக்களும் அம்புக்குறியின் பொருள் தெரியாமல் இருக்கிறார்களோ!

நான் இரண்டு நாள் மருந்தை நிறுத்தி, மீண்டும் 25-இல் தொடங்கி, நான்கு வாரம் கழித்து 40-க்கு வந்திருக்கிறேன். நாடி இப்போது 84. வாய் உலர்வு இன்னும் முழுதாகப் போகவில்லை; பாடம் படிக்க அமர்ந்தால் முக்கால் மணி நேரம் அமர முடிகிறது. சென்ற மாதம் மாத்திரை வாங்கப் போனபோது கடையில் பின்னால் ஐந்தாறு பேர் நின்றார்கள். உரக்கவே கேட்டேன்: "ஏனுங்க, இது போன தடவை வாங்கின அதே அளவுதானுங்களா?" கடைக்காரர் அட்டையைத் திருப்பிப் பார்த்துச் சொன்னார். பின்னால் நின்ற ஒரு பாட்டி தம் சீட்டையும் நீட்டி, "எனக்கும் சொல்லுங்க தம்பி" என்றார்.

நண்பர்களே, கேட்பது இழிவன்று. கேட்போம், கேட்பவர்க்குச் சொல்வோம்!